முன்பாரமும் பின்பாரமும்

வண்டி நகர மாடு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாடு இழுக்க வேண்டுமானால் பாரம் இடம் பார்த்து அமைய வேண்டும் என்பது வண்டிக்காரருக்குத்தான் தெரியும். நெல் மூட்டைகளை முன்பக்கம் கூடுதலாக அடுக்கிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுந்தும். அதை முன்பாரம் என்பார்கள். பின்பக்கம் கூடிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். ஒரு மூட்டையை ஒரு முழம் தள்ளி வைத்து இரண்டையும் சரிசெய்துவிடும் அந்தப் பெரியவர் நெம்புகோல் தத்துவத்தைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர். ஆயினும் அந்தத் தத்துவத்தை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. மறந்தால் மாடு படுத்துவிடும்.

இந்த இரண்டு சொற்களையும் மூன்றாண்டு இயற்பியல் வகுப்பில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் பேசப் போவது மோட்டார் வண்டியைப் பற்றி. அதிலும், நின்றிருக்கும் வண்டி புறப்படுகிற முதல் இரண்டு வினாடிகளைப் பற்றி. அந்த இரண்டு வினாடிகளை அமெரிக்க இளைஞர்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டு, பழைய பிக்கப் வண்டிகளின் கமான் பட்டைகளையும் சுருள்வில்களையும் கழற்றிப் பூட்டி, ஒரு தனி அறிவுத் துறையாகவே வளர்த்துவிட்டார்கள். அதே இரண்டு வினாடிகள் நம் காவிரிப் படுகையின் சேற்று வயல்களில் டிராக்டர் ஓட்டுகிறவரின் உயிரைக் கேட்கின்றன. இரண்டிற்கும் கணக்கு ஒன்றே.

முதலில் அந்த விளையாட்டைப் பார்ப்போம். டிராக் பந்தயம் என்பது வளைவு நெளிவு இல்லாத நேர்ப்பாதையில் இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, முதலில் கடப்பது யார் என்று பார்க்கும் போட்டி. இதற்கென்று அமெரிக்காவில் 1951-ஆம் ஆண்டிலேயே தேசிய ஹாட் ராட் சங்கம் தோன்றியது. நமக்கும் மோட்டார் பந்தயம் முற்றிலும் அந்நியமானதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தி வந்தது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதையே அமைந்தது. டிராக் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன. ஆனால் பிக்கப் வண்டியை வைத்துக்கொண்டு இந்தக் கலையைக் கரைத்துக் குடித்தவர்கள் அமெரிக்கர்களே.

பிக்கப்பை ஏன் எடுத்தார்கள்? மலிவாகக் கிடைத்தது என்பது ஒரு காரணம். ஆனால் புறப்பாட்டுப் பந்தயத்திற்கு இதைவிடப் பொருந்தாத வண்டி வேறு இல்லை. எஞ்சின் முன்னால், ஓட்டுநர் முன்னால், தள்ள வேண்டிய சக்கரங்களோ பின்னால், காலித் தொட்டிக்கு அடியில். மூட்டை ஏற்றிவிட்டால் பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும். மூட்டை இல்லாதபோது சக்கரம் சுற்றும்; வண்டி நகராது. எஞ்சின் திறனைக் கூட்டக் கூட டயர் தேய்ந்து புகை வரும். காவிரிக்கரைச் சேற்றில் காலி வண்டியை எடுக்க முயன்றவர்கள் எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. வண்டியின் எடை 1500 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில். எடையில் நூற்றுக்கு 60 பங்கு முன்னால், 40 பங்கு பின்னால். நிற்கும்போது பின்சக்கரங்களின்மேல் இருப்பது 600 கிலோ. நல்ல தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்று கொண்டால், அச்சக்கரங்கள் தரையைப் பிடித்துத் தள்ளக்கூடிய விசை 480 கிலோவுக்கு மேல் இல்லை. அதற்குமேல் எஞ்சின் எவ்வளவு தந்தாலும் வீண்.

ஆனால் வண்டி முன்னோக்கி முடுக்கம் பெற்றவுடன் ஓர் அதிசயம் நடக்கிறது. தள்ளும் விசை தரை மட்டத்தில். தள்ளப்படும் பொருளின் ஈர்ப்பு மையமோ அதற்கு 70 சென்டிமீட்டர் மேலே. ஆகவே வண்டி முழுவதும் பின்னோக்கிச் சாயப் பார்க்கிறது. முன்சக்கரங்களின் பாரம் குறைந்து, குறைந்த அளவு முழுவதும் பின்சக்கரங்களுக்கு வந்து சேர்கிறது. பாரம் கூடினால் பிடிப்பு கூடும். பிடிப்பு கூடினால் முடுக்கம் கூடும். முடுக்கம் கூடினால் பாரம் இன்னும் கொஞ்சம் பின்னால் வரும். இந்தச் சுழற்சியை முடிவுவரை கணக்கிட்டால் பின்சக்கரங்களின்மேல் 738 கிலோவும், தள்ளும் விசை 590 கிலோவும் ஆகின்றன. ஆளோ மூட்டையோ ஏற்றாமலேயே 138 கிலோ பின்னால் வந்துவிட்டது. வண்டி தனக்குத் தானே பின்பாரம் ஏற்றிக்கொண்டது எனலாம்.

அதே வண்டியைச் சேறு படிந்த பாதையில் நிறுத்தி, உராய்வுக் கெழுவை 0.3 ஆக்கிப் பாருங்கள். பின்னால் வரும் பாரம் 45 கிலோதான். தள்ளும் விசை 200 கிலோவைக்கூட எட்டாது. உள்ளவனிடமே செல்வம் சேர்வது போல், பிடிப்பு உள்ள இடத்திற்குத்தான் பாரமும் வந்து சேர்கிறது. இயற்கையின் இந்த ஓரவஞ்சனையை என்னவென்று சொல்வது!

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். வண்டி புறப்படும்போது பின்பக்கம் அமிழ்வதையும் முன்பக்கம் மூக்கைத் தூக்குவதையும் பார்த்து, அந்த அமிழ்வுதான் பிடிப்பைத் தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அதனால் பின்கமானில் இரண்டு பட்டைகளை உருவி எடுத்துவிட்டு, வால் தாழ்ந்து நிற்கும் வண்டியை வெற்றிப் பெருமிதத்தோடு பார்க்கிறார்கள். மேற்கண்ட கணக்கில் கமானுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எடை, அச்சுகளின் இடைவெளி, ஈர்ப்பு மையத்தின் உயரம், முடுக்கம் ஆகிய நான்கும்தான் பாரம் எவ்வளவு இடம் மாறும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பாரம் எவ்வளவு விரைவாக வந்து சேரும், எவ்வளவு நேரம் நிலைத்திருக்கும், இரண்டு பின்சக்கரங்களுக்கும் சமமாகப் போகுமா, சக்கரம் தத்தாமல் தரையோடு ஒட்டியிருக்குமா என்பவையே கமானும் ஷாக் அப்சார்பரும் செய்யும் வேலை. அதுவும் சிறிய வேலையன்று. இரண்டு வினாடிகளில் முடிந்துவிடும் நாடகத்தில் கால் வினாடி பெரிது.

பிக்கப்பின் பின் அச்சை எஞ்சின் முறுக்கும்போது, சக்கரம் ஒருபக்கம் சுற்ற, அச்சுக்கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். கூட்டை வண்டியோடு பிணைத்திருப்பது கமான் பட்டைகளும் யூ போல்ட்டுகளும் மட்டுமே. ஆகவே பட்டை வளைந்து, நெளிந்த பாம்பு போல் ஒரு கணம் நிற்கும், பிறகு பட்டென்று நிமிரும், மறுபடியும் வளையும். சக்கரம் தரையில் தத்தத் தொடங்குவது அப்போதுதான். தத்துகிற சக்கரம் பாதி நேரம் காற்றில் இருக்கிறது. காற்றுக்கு ஏது பிடிப்பு? இதைத் தடுக்க அவர்கள் அச்சுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டத்தைப் பூட்டி, அதன் முன்முனை கமானின் முன்கண்ணுக்கு அருகே முட்டி நிற்கும்படி செய்தார்கள். கூடு திரும்பப் பார்த்தால் சட்டம் முட்டிக்கொள்ளும், பட்டை நெளியாது. வேறு சிலர் இன்னும் எளிய வழியைக் கண்டார்கள். அச்சுக்கு முன்னால் உள்ள பாதிக் கமானைக் கவ்விகளால் இறுக்கிக் கெட்டியாக்கி, பின்பாதியைத் தளரவிட்டார்கள். முன்பாதி தள்ளுகோலாகவும் பின்பாதி வில்லாகவும் வேலை செய்தது. இதற்குச் செலவு மிகக் குறைவு. அறிவு மட்டும்தான் தேவை.

செவர்லே நிறுவனத்தின் சி-10 பிக்கப்பில் 1960 முதல் 1972 வரை பின்னால் கமானுக்குப் பதிலாகச் சுருள்வில்கள் இருந்தன. இரண்டு நீண்ட கைகள் பின் அச்சிலிருந்து முன்னோக்கி வந்து வண்டிச் சட்டத்தின் நடுப்பகுதியில் சேர்ந்தன. 1973-இல் கமானுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அந்த நீண்ட கைகளின் அருமையைப் பந்தயக்காரர்கள் கண்டுகொண்டு, அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய வண்டிகளில் அதே அமைப்பைப் பல்லாண்டு பயன்படுத்தினார்கள். சரக்கு வண்டிக்குப் போட்ட கை, பந்தய வண்டிக்குக் கை கொடுத்தது.

முன்பக்கத்திலும் வேலை உண்டு. முன்சுருள்வில்லை மிருதுவாக்கி, எளிதில் மேலே எழும்பி மெதுவாகக் கீழே இறங்குமாறு ஷாக் அப்சார்பரை அமைப்பார்கள். மூக்கு சட்டென்று எழுந்தால் பாரம் சட்டென்று பின்னுக்குப் போகும்; மெதுவாக இறங்கினால் அது உடனே திரும்பிவிடாது. இன்னொரு நுட்பம்: எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டு சுழலும்போது பின் அச்சையும் சேர்த்துத் திருப்பப் பார்ப்பதால், இடப்பின் சக்கரம் அழுந்தி வலப்பின் சக்கரம் இலேசாகிறது. அதனால்தான் ஒற்றைச் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுவதை அடிக்கடி பார்க்கிறோம். அவர்கள் வலப்பக்க வில்லுக்குள் ஒரு காற்றுப்பையை வைத்து, முன்கூட்டியே அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைப்பார்கள். முன்பாரம் பின்பாரத்தோடு இடபாரம் வலபாரமும் சேர்ந்துகொண்டது!

இவ்வளவும் கடல் கடந்த நாட்டுச் செய்தி. சுவாமிமலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எங்கள் ஊரைச் சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் உண்டு. முன்பு மாட்டு வண்டி செய்த வேலையை இன்று பிக்கப்புகள் செய்கின்றன. 1988-இல் டாடாமொபைல் வந்தது. 2005-இல் டாடா ஏஸ் வந்து, நம் மக்கள் வாயில் 'சின்ன யானை' ஆயிற்று. பின்னால் கமான், முன்னால் ஆள், பாதிப் பயணம் காலி. எந்தக் கமான் பட்டறையில் போய் நின்றாலும், ஒரு பட்டை கூடுதலாகப் போடச் சொல்லி வந்திருக்கும் வண்டி ஒன்றைப் பார்க்கலாம். விதித்த அளவுக்கு மேல் சுமை ஏற்றுவதற்காகத்தான் அது. கூடுதல் பட்டை போட்ட வண்டி, சுமை இல்லாதபோது கட்டை போல் விறைத்துக்கொள்கிறது. சிறு பள்ளத்தில் விழுந்தாலும் பின்சக்கரம் துள்ளுகிறது. மழை நாளில் பிரேக் பிடித்தால் வால் ஒருபக்கம் ஒதுங்குகிறது. பட்டறைத் தொழிலாளிக்கு இது தெரியும். அவர் சொல்லியும் பார்க்கிறார். ஆனால் ஏன் என்று விளக்கும் மொழியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. விளக்கத் தெரிந்தவர்களோ பட்டறைக்கு வருவதில்லை.

இதே ஊரில் வெண்கலச் சிலை வடிக்கும் ஸ்தபதிகள் இருக்கிறார்கள். காவிரி வண்டலைக் கொண்டு மெழுகுருவத்தின்மேல் அச்சு எடுத்து, உலோகத்தை உருக்கி வார்க்கும் அக்கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. முகத்தின் நீளத்தை அளவாகக் கொண்டு முழு உருவத்தையும் வகுக்கும் தாலக் கணக்கு அவர்களிடம் சாத்திரமாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டதால் தலைமுறை தாண்டி நிற்கிறது. கமான் பட்டறையின் கணக்கு எழுதப்படவில்லை. அது கையிலிருந்து கைக்கு மாறுகிறது. கை ஓய்ந்தால் கணக்கும் ஓய்ந்துபோகிறது. ஒரு தொழிலுக்குச் சாத்திரம் இருக்கிறது, இன்னொரு தொழிலுக்கு இல்லை என்பதால் முன்னது கலை, பின்னது கிரீஸ் அழுக்கு என்று நாம் பிரித்துவிட்டோம். இந்தப் பிரிவினை எனக்கு உடன்பாடன்று.

இனி வயலுக்கு வருவோம். டிராக்டருக்குப் பின் அச்சில் பெரும்பாலும் கமானும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. டயர்தான் அதன் ஒரே வில். ஆகவே பந்தயக்காரர்கள் வில்லை மாற்றிச் செய்வதை, டிராக்டர்க்காரர்கள் எடையை மாற்றிச் செய்கிறார்கள். டயருக்குள் தண்ணீர் நிரப்புவது, பின்சக்கரத்தில் இரும்பு வட்டுகள் பூட்டுவது, முன்பம்பரில் எடைக் கட்டிகளை மாட்டுவது, சேற்றுழவுக்குக் கேஜ் வீல் போடுவது ஆகிய யாவும் பிடிப்புக் கலையே. பிக்கப்புக்குப் பின்பாரம் போதாது என்பது குறை. டிராக்டருக்கோ பின்பாரம் மிஞ்சிவிடும் என்பது ஆபத்து. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே பின்னால் இருக்கிறது. முன்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டால், அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பந்தயக்காரர்கள் வேடிக்கையாகச் செய்து காட்டுகிறார்கள். டிராக்டர் செய்தால் ஓட்டுநர் அடியில் சிக்குவார்.

இது கற்பனையன்று. அமெரிக்காவில் 1917-இல் வெளிவந்த போர்ட்சன் டிராக்டர் பின்னோக்கிக் கவிழ்வதில் பெயர் பெற்றிருந்தது. கலப்பை மரவேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் சுற்ற வழியில்லை. எஞ்சின் நிற்கவில்லை. சக்கரத்தைச் சுற்ற முடியாத எஞ்சின், சக்கரத்தை மையமாகக் கொண்டு டிராக்டரையே சுற்றிவிடும். இதற்கு மருந்து கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன். 1926-இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில் கலப்பையை ஒரே புள்ளியில் இழுக்காமல், கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று கைகளால் பிணைத்தார். மேற்கையையும் கீழ்க்கைகளையும் கற்பனையாக முன்னோக்கி நீட்டினால் அவை டிராக்டரின் முன்பகுதிக்கு அருகில் ஒரு புள்ளியில் சந்திக்கும். கைகள் பின்னால் இருந்தாலும், அந்தக் கண்ணுக்குத் தெரியாத புள்ளியிலிருந்து இழுப்பது போலவே கலப்பை நடந்துகொள்ளும். கலப்பை தடைப்படும்போது மேற்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளி முன்சக்கரத்தைக் கீழே அழுத்தும். 1939-இல் போர்டு நிறுவனத்தோடு சேர்ந்து அவர் வெளியிட்ட டிராக்டரில் இந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்து, நம் வயல்களுக்கும் அதைக் கொண்டுவந்தது.

இந்தச் செய்தியை நான் ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், டிராக் பந்தய வண்டிகளில் பின் அச்சை நான்கு கைகளால் பிணைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அங்கேயும் மேற்கைகளையும் கீழ்க்கைகளையும் முன்னோக்கி நீட்டிச் சந்திக்கும் புள்ளியைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். துளையில் ஒரு போல்ட்டை ஓர் அங்குலம் ஏற்றியோ இறக்கியோ அந்தப் புள்ளியை நகர்த்தி, புறப்படும்போது சக்கரத்தின்மேல் பாரம் எப்படி விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். கால் மைல் பந்தயமும் கால் காணி உழவும் ஒரே வடிவியலில் ஓடுகின்றன. நாம் தினமும் பார்க்கும் டிராக்டரின் முதுகிலேயே அந்தப் பாடம் மாட்டியிருக்கிறது. மேற்கை எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒருநாளாவது குனிந்து பார்த்தோமா?

பார்க்காததன் விலை சிறிதன்று. மழையில் வரப்போரம் டிராக்டர் புதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கிறது. அப்போது யாராவது ஒருவர் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து பின்சக்கரத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்வார். கட்டை தரையில் ஊன்றிக்கொண்டு வண்டியைத் தூக்கிவிடும் என்பது அவர் எண்ணம். பல தடவை தூக்கியும் விடுகிறது. அதனால்தான் இப்பழக்கம் ஒழியவில்லை. தூக்காத தடவையில் சக்கரம் முழுவதுமாகப் பூட்டிக்கொள்கிறது. போர்ட்சன் கதை அந்தக் கணமே நம் வயலில் அரங்கேறுகிறது. முன்சக்கரம் எழத் தொடங்கியபின் திரும்ப வழியில்லாத நிலையை அடைய முக்கால் வினாடி போதும் என்று டிராக்டர் பாதுகாப்புக் கையேடுகள் சொல்கின்றன. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றிக் கால் அசைவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். இழுவைச் சங்கிலியைத் தாழ்ந்த கொக்கியில் மாட்டாமல், மேற்கை பொருந்தும் இடத்திலோ அச்சுக்கூட்டிலோ மாட்டி இழுப்பதும் இதே முடிவைத் தரும். கொக்கி உயர உயர, பாரம் பின்னோக்கிப் புரட்டும் திறனும் உயர்கிறது. இதற்குத் திருப்புத்திறன் என்று பெயர். முதலாண்டிலேயே நமக்குப் பாடமாக இருக்கிறது. பாடத்தில் கதவும் ஸ்பேனரும் உதாரணமாக வருகின்றன. டிராக்டர் வருவதில்லை.

ஸ்வீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் உறுதியான இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. கவிழ்ந்து இறப்போர் தொகை அதன்பின் பெருமளவு குறைந்தது. நம் பக்கத்து வயல்களில் ஓடும் டிராக்டர்களில் வெயிலுக்குப் போட்ட கூரை இருக்கிறது. கவிழ்ந்தால் தாங்கும் சட்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கூரைக்குச் செலவழிக்கிறவர் சட்டத்துக்குச் செலவழிக்க மாட்டார் என்று நான் நம்பவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் யாரும் கணக்காகச் சொல்லவில்லை.

வேடிக்கை என்று பார்த்தாலும் எச்சரிக்கை இருக்கிறது. பஞ்சாபில் டிராக்டரை முன்சக்கரம் தூக்கி நிற்க வைக்கும் வித்தைகள் திருவிழாக்களில் நடந்து வந்தன. 2023 அக்டோபரில் அப்படி ஒரு வித்தையில் ஓர் இளைஞர் உயிரிழந்தபின், அம்மாநில அரசு அவற்றைத் தடை செய்தது. தடை செய்தது சரியே. ஆனால் தடையோடு மட்டும் நின்றுவிட்டால், ஆசை வேறு பாதையைத் தேடிக்கொள்ளும். நம் பக்கத்திலும் புறவழிச்சாலைகளில் இரவு நேரத்தில் சீறிப் பாயும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வேகத்தை விரும்புவது குற்றம் என்று நான் கருதவில்லை. காணும் பொங்கலையொட்டித் திருக்கடையூரில் ரேக்ளா பந்தயம் பார்க்கக் கூடுகிற கூட்டத்தில் பெரியவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? அங்கே வண்டியோட்டுகிறவர் உடலை முன்னும் பின்னும் சாய்ப்பது அழகுக்காகவா? புறப்படும்போது முன்பாரம், ஓடும்போது சமபாரம் என்று அவர் கணக்குப் பார்க்கிறார். சாலையில் பாய்கிற நம் நண்பர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அகல டயரும் தூக்கிய வாலும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

கலைக்கல்லூரியில் மெக்கானிக் வேலைக்கு என்ன இடம் என்று மறுப்பு வரும். தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அங்கே போல்ட்டை எப்படி முடுக்குவது என்று சொல்லித் தருகிறார்கள். எந்தத் துளையில் முடுக்கினால் பாரம் எங்கே விழும் என்று வாதிடுவது இயற்பியலின் வேலை. அதை நாம் செய்யாவிட்டால் யார் செய்வார்? நம் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் நிலம் இருக்கிறது. அல்லது நிலத்தில் வேலை செய்கிற தந்தை இருக்கிறார். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் எந்த வாரம் டிராக்டருக்குத் தட்டுப்பாடு வரும் என்று அவர்களுக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட மாணவர்களுக்குச் சாய்தளத்தில் மரக்கட்டையை நழுவவிட்டு உராய்வுக் கெழுவைக் காண்பதோடு பாடத்தை முடித்துவிடுவது முறையா? தந்தைக்கே மகன் உபதேசித்த தலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவன் என்ற துணிச்சலில் ஆசிரியப் பெருமக்களிடம் இதைக் கேட்டுவிட்டேன், பொறுத்தருள்வார்களாக.

கேட்பது பெரிய செலவுள்ள காரியமும் அன்று. நவீன அரிசி ஆலைகளில் லாரியை எடை போடும் மேடை இருக்கிறது. ஒரு காலி பிக்கப்பின் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை. பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை. அச்சுகளின் இடைவெளியை நாடாவால் அளந்தால் ஈர்ப்பு மையம் எங்கே என்று தெரிந்துவிடும். பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, முன்சக்கரங்களை மீண்டும் எடை போட்டால் அதன் உயரமும் கிடைக்கும். அதன்பின் மேலே நான் போட்ட கணக்கைக் கற்பனை எண்களால் போட வேண்டியதில்லை. டிராக்டரையும் அவ்வாறே மேடையில் ஏற்றி, முன் எடைக் கட்டிகள் இருக்கும்போதும் இல்லாதபோதும் எடை எடுக்கலாம். கிடைக்கும் எண்களை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலும் கமான் பட்டறைகளிலும் ஒட்டலாம். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களையே அதில் போட்டால் படிக்கிறவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அடுத்த பருவத்தில் துறைத் தலைவர் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கித் தந்தால் போதும். எங்கள் தெருவில் வெற்றிலை ஏற்றும் பிக்கப் ஒன்று உண்டு. அதன் உரிமையாளரிடம் கேட்டேன். வண்டியைத் தரச் சம்மதித்திருக்கிறார். காலையில் சந்தைக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்பும், காலியாகத்தான் வரும்.